நல்ல ஈயம் சத்தம் கொடுக்கும்

ஏழு பாத்திரங்கள். ஏழையும் என் அம்மா ஒருத்தியாகச் சமையற்கட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து, கிணற்றடி முற்றத்தில் வரிசையாகச் சாய்த்துவைத்தாள். வயிறு பெருத்த பித்தளை அண்டாக்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது பேருக்குக் குழம்பு வைக்கலாம். வாய்கள் எல்லாம் கிழக்கே பார்த்திருந்தன. காலை வெயில் உள்ளே விழுந்து, ஈயம் பூசிய உட்புறம் தெரிந்தது.

எதிரே நான்கு நாற்காலிகள். நடுவில் பள்ளிக்கூடத்தை நடத்திவந்த வெள்ளைக்கார அம்மாள்; அவரை நாங்கள் மிஸ்ஸியம்மாள் என்போம். அவர் பக்கத்தில் டாக்டர். மற்ற இருவரும் பள்ளிக்கூடக் கமிட்டியின் பெரியவர்கள். அம்மாவை வேலையைவிட்டு அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டு, அனுப்புமுன் அவள் சொல்வதையும் கேட்டுவிடலாம் என்று வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பாத்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஓரத்தில் விரிசல் விட்ட பழைய இரும்புப் பணியாரச் சட்டி. கீழே ஒரு தராசு. தட்டார் வீட்டில் இரவல் வாங்கியது. டாக்டர் அடுப்பையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குழம்பு வைக்கப் போறதில்லய்யா. ஈயம் காய்ச்சப் போறேன்" என்றாள் அம்மா.

நான் நாற்காலிகளுக்குப் பின்னால் மற்ற ஆசிரியைகளோடு நின்றேன். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். என் இடம் அங்கேதான். ஆனால் அம்மா அடுப்பை விசிறக் குனிந்தபோது என் கால்கள் தாமாக நடந்தன. நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். என் வாழ்க்கையில் நான் நடந்த நடைகளிலேயே நீளமானது அந்தப் பத்தடிதான்.

ஒரு வாசகருக்குப் பதில்

போன இதழைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "உங்கள் தாயார் போர்டிங் சமையற்காரி என்று எழுதுகிறீர்களே, தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் இதையெல்லாம் எழுத வேண்டுமா?"

வேண்டும். இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன்.

அப்பா சாத்தான்குளம் பக்கம் வண்டி ஓட்டியவர். எனக்கு நாலு வயதிருக்கும்போது வாந்திபேதியில் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது இருபத்துமூன்றோ இருபத்துநாலோ. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து, பெண்கள் போர்டிங்கில் தண்ணீர் இறைக்கச் சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் அடுப்படி அவள் கைக்கு வந்தது. அவள் பெயர் பாக்கியம். போர்டிங்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் மிஸ்ஸியம்மாள் மட்டுமே. மற்ற எல்லாருக்கும் அவள் "சமையக்கார அக்கா".

அவள் சமைத்த சோற்றைத் தின்று, அவள் உழைப்பில் நான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்தேன். டிரெயினிங் முடித்து அங்கேயே ஆசிரியை ஆனேன். மத்தியானம் நான் ஆசிரியைகளின் மேஜையில் சாப்பிடுவேன். அவள் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு, பிள்ளைகளின் அண்டாவில் மிஞ்சியதைச் சாப்பிடுவாள். இதை இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசியதா என்றால், இல்லை. அதுதான் வழக்கம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு ஈயம்

இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஈயம் பூசுவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கிறது. பித்தளையிலும் செம்பிலும் புளி பட்டால் களிம்பு ஏறும். பச்சையாக, கசப்பாக, வயிற்றுக்குள் போனால் குமட்டும். அதைத் தடுக்கப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளீயத்தைத் தோல்போல் பூசிவிடுவார்கள். வெள்ளீயத்தைப் புளி ஒன்றும் செய்யாது. மோர், எலுமிச்சை எதுவும் செய்யாது. அது துருப்பிடிக்காது, தின்றாலும் கெடுதல் இல்லை.

அதற்கு ஒரே பயம் நெருப்புத்தான். உலோகங்களில் அவ்வளவு சீக்கிரம் உருகுவது குறைவு. அடுப்புக் கரியிலேயே உருகிவிடும். ஈயம் பூசிய அண்டாவைத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றினால் பூச்சு வழிந்து அடியில் தங்கிவிடும். எங்கள் போர்டிங்கில் புதிதாக வந்த பெண் ஒருத்தி அப்படி ஏற்றியபோது, அம்மா வெறுங்கையால் அண்டாவை இழுத்துக் கீழே போட்டாள். உள்ளங்கையில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

தகரம் என்று நாம் சொல்லுகிற சீமெண்ணெய் டின்னும் இந்த வெள்ளீயத்தின் புண்ணியத்தில்தான் நிற்கிறது. மெல்லிய இரும்புத் தகடு. அதன்மேல் இருபக்கமும் வெள்ளீயப் பூச்சு. ஆணியால் கீறிப் பார்த்தால் தெரியும். கீறின இடத்தில் நாலு நாளில் துரு. பாளையங்கோட்டையில் அப்போது அந்த டின் இல்லாத வீடு கிடையாது. தண்ணீர் தூக்க, அரிசி வைக்க, வெட்டி விரித்துக் கூரைக்குப் போட. போர்டிங் பிள்ளைகள் பாதிப்பேருடைய பெட்டியே அந்தத் தகரத்தில் அடித்ததுதான்.

ஆனால் ஈயம் என்று பெயர் வைத்துக்கொண்டு இன்னொன்று இருக்கிறது. காரீயம். கறுப்பு, கனம், மலிவு. மீன் வலைக்குக் குண்டு கட்டுவது அதில்தான். உருக்கிக் கலந்துவிட்டால் வெள்ளீயத்தோடு ஒன்றாகிவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆனால் அதைப் புளி கரைத்துவிடும். கரைந்தது கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும்.

இதெல்லாம் நான் டிரெயினிங்கில் ரசாயனப் புத்தகத்தில் படித்து, பரீட்சை எழுதி, மார்க்கும் வாங்கி, மறந்துபோன விஷயங்கள்.

பிள்ளைகள் படுத்தார்கள்

பெரிய யுத்தம் தொடங்கி இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ. மழை ஓய்ந்து, வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துப் போய்க்கொண்டிருந்த மாதங்கள்.

முதலில் இரண்டு மூன்று பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். அடுத்த வாரம் பத்துப் பேர். வாந்திபேதி என்று எல்லாரும் பயந்தோம். ஆனால் பேதி இல்லை. அதற்கு மாறாக நாலு நாள், ஐந்து நாள் வயிறு இறுகிக் கிடந்தது. முகம் சாம்பல் பூத்தது. வாயெல்லாம் ஏதோ இரும்பை நக்கினதுபோல் இருக்கிறது என்றார்கள். அம்பாசமுத்திரத்துப் பிள்ளை தங்கம், காலை ஜெபத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோதே கீழே விழுந்தாள்.

டாக்டர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஊரில் அவர் ஒருவருக்கு ஐந்நூறு நோயாளி. சமையற்கட்டுக்குப் போய்ப் பார்த்தார். பித்தளைப் பாத்திரங்களைக் கண்டதும், "களிம்பு. சுத்தக் குறைவு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது.

பெற்றோர்கள் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். தங்கத்தின் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலேறி வந்தார். நெல் விவசாயி, அதிகம் பேசாதவர். மகளின் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, இனிமேல் படிப்பு வேண்டாம், மாமன் மகன் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். தங்கம் என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கணக்கில் அவளைப்போல் ஒரு பிள்ளை அதற்குப்பிறகும் எனக்கு அமையவில்லை. அவள் விரல்களை நானேதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

பதினோரு பிள்ளைகள் அப்படிப் போனார்கள். போன பிள்ளை திரும்பி வருவது அந்தக் காலத்தில் அபூர்வம். வீட்டுக்குப் போனால் கல்யாணம். கல்யாணம் ஆனால் முடிந்தது. இன்னும் பதினைந்து பேர் போனால் போர்டிங்கை மூட வேண்டியதுதான் என்று கமிட்டியில் பேசினார்கள். யாரையாவது வெளியே அனுப்பினால்தான் பெற்றோர் நம்புவார்கள் என்றும் பேசினார்கள். அந்த யாராவது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

மிஸ்ஸியம்மாள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. சனிக்கிழமையோடு பாக்கியம் போக வேண்டியிருக்கும், அதற்குமுன் நாளைக் காலை கமிட்டிக்காரர்கள் அவள் சொல்வதையும் கேட்பார்கள். உன் வேலைக்கு ஒன்றும் வராது, எஸ்தர் என்றார்.

புளி தொடாத பிள்ளை

அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஏளா, ஒண்ணு கேக்குதேன். மரகதத்துக்கு ஏன் ஒண்ணும் வரல?"

எனக்குப் புரியவில்லை. மரகதம் ஏழாம் வகுப்புப் பிள்ளை. புளி சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும் என்று, மூன்று வேளையும் சோறும் மோரும்தான். சோறு வடிப்பது மண் பானையில். மோர் ஊற்றிவைப்பது மண் கலயத்தில். அவள் அறையில் எட்டுப் பேர் படுத்த படுக்கை. மரகதம் மட்டும் கிணற்றடியில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

அம்மா இதைப் பத்து நாளாக மனதில் போட்டு உருட்டியிருக்கிறாள். ஆசிரியைகளுக்குத் தனிச் சமையல், தனிப் பாத்திரம். எங்களில் ஒருவருக்கும் நோவு இல்லை. தண்ணீர் எல்லாருக்கும் ஒரே கிணறு. அரிசி ஒரே மூட்டை. ஆகவே வேறு எதுவும் இல்லை, குழம்பு அண்டாதான் என்று அவள் முடிவுக்கு வந்திருந்தாள். ஆனால் களிம்பு இல்லை; களிம்பு அவளுக்குத் தெரியும்.

பிறகு கையிலிருந்த துணியை விரித்துக் காட்டினாள். பழைய வெள்ளை வேட்டித் துண்டு. அண்டாவின் உட்புறத்தை அழுத்தித் துடைத்திருந்தாள். துணியில் கறுப்பாக, பென்சில் கரிபோல் அப்பியிருந்தது.

"நாலு மாசத்துக்கு முன்னால அஞ்சு பாத்திரம் ஈயம் பூசுனோம். இந்த ரெண்டும் அதுக்கு முந்தி பூசுனது. இதுல துடைச்சா துணி வெள்ளையா வருது. அந்த அஞ்சுலயும் கறுக்குது. ஈயம் கறுக்குமாட்டி? நீ படிச்சவ, சொல்லு."

 புத்தகத்தின் அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தின் கீழ்மூலை எனக்குக் கண்ணில் தெரிந்தது. காரீயம் காகிதத்தில் கோடு போடும், வெள்ளீயம் போடாது.

நான் ரசாயனத்தில் முதல் மார்க் வாங்கியவள். எழுத்துக்கூட்டி வேதம் வாசிக்கத் தெரிந்த அம்மா, ஒரு புத்தகமும் இல்லாமல், முக்கால்வாசி வழியைத் தனியாக நடந்து வந்துவிட்டாள். எனக்கு மிச்சம் வைத்தது கால்வாசிதான்.

மீரான் சாயபு

பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர் மேலப்பாளையத்து மீரான் சாயபு. வருஷத்துக்கு இரண்டு தடவை துருத்தியும் நவச்சாரம் என்ற உப்பும் தூக்கிக்கொண்டு வருவார். பாத்திரத்தைக் கரியில் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளைப் புகை கிளம்பும்போது ஈயக் கம்பியை லேசாகத் தொடுவார். தொட்ட இடம் உருகும். பஞ்சால் ஒரே சுழற்று. பித்தளை கண்ணெதிரே வெள்ளியாக மாறும்.

அம்மாவும் நானும் அன்று சாயங்காலமே மேலப்பாளையத்துக்கு நடந்தோம். சண்டைக்குத் தயாராக நான் போனேன். அம்மா அந்தக் கறுத்த துணியை மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்தாள்.

சாயபு துணியைப் பார்த்தார். விரலால் தடவி, மோந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது இது. யுத்தம் வந்ததிலிருந்து பினாங்கிலிருந்து கப்பலில் ஈயம் சரியாக வருவதில்லை. வந்தாலும் விலை எட்டாது. டவுனில் ஒரு வியாபாரி, புதுச் சரக்கு என்று வில்லை வில்லையாக வெட்டிக் கொடுத்தான். நெய் மாதிரி சீக்கிரம் உருகிற்று. வேலை லேசாக இருந்ததால் நல்ல சரக்கு என்றே இவரும் எண்ணிக்கொண்டார். கம்பியாக இருந்தால் வளைத்துப் பார்த்திருப்பார். வில்லையை எப்படி வளைப்பது?

"வளைச்சா என்ன தெரியும்?" என்று நான் கேட்டேன்.

அவர் எழுந்து போய், மூலையிலிருந்த பைக்குள் தேடி, விரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பி எடுத்து வந்தார். யுத்தத்துக்கு முந்தைய பினாங்குக் கம்பியில் மிஞ்சிய சில துண்டுகளில் ஒன்று. என் காதருகே வைத்து வளைத்தார். நறநறவென்று ஒரு சத்தம், உள்ளே ஏதோ நொறுங்குவதுபோல். மறுபடி வளைத்தார்; மறுபடி அதே சத்தம். கம்பி உடையவும் இல்லை.

நல்ல வெள்ளீயம் வளைத்தால் சத்தம் கொடுக்கும், காரீயம் கலந்தால் ஊமையாகிவிடும் என்றார். எங்கள் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, எத்தனை பிள்ளையளுக்கு நோவு?"

"நாப்பது" என்றாள் அம்மா.

அவர் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அவரிடம், நாளைக்குக் கமிட்டிக்காரர்கள் முன்னால் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். வந்தால் அவர் தொழிலுக்கே ஆபத்து. இனிமேல் யார் பாத்திரம் கொடுப்பார்கள்? அது எங்கள் மூவருக்கும் தெரியும். 

"வருதேன். என் கையால பூசுனது. நான் வராம யாரு வருவா?"

அன்று இரவு அம்மாவும் நானும் மறுநாள் என்ன செய்வதென்று பேசினோம். கம்பியின் சத்தமும் துணியின் கறுப்பும் போதாது. டாக்டர் படித்தவர், நிறுத்துக் காட்டினால் நம்புவார் என்றேன். காரீயம் கனம், ஒரே அளவில் வார்த்து நிறுத்தால் கலப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஒரே அளவுக்கு எங்கே போவது என்று நான் தலையைச் சொறிந்தபோது, அம்மா பரணிலிருந்து அந்த விரிசல் விட்ட பணியாரச் சட்டியை எடுத்துப் போட்டாள்.

முற்றத்தில்

அடுப்பு சிவந்ததும் மீரான் சாயபு தம்மிடமிருந்த நல்ல ஈயத்தைக் கரண்டியில் போட்டுக் காட்டினார். எண்ணுவதற்குள் உருகி, பாதரசம்போல் உருண்டது. அதைப் பணியாரக் குழி ஒன்றில் விளிம்புவரை ஊற்றி, மேலே ஓர் ஓட்டுச்சில்லால் வழித்துச் சமன் செய்தார். ஆறியதும் நான் அதை எடுத்துக் கமிட்டிக்காரர்கள் கையில் கொடுத்தேன். பிறகு வியாபாரி கொடுத்த வில்லைகள். அதே கரண்டி, அதே குழி. வேறு குழியில் ஊற்றினால் பெரிசு சின்னது என்று பேச்சு வரும். ஆகவே அதே குழியில்தான் ஊற்ற வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன்.

இரண்டு பணியாரங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. டாக்டரே அவற்றைத் தராசில் வைத்தார். கையை எடுத்ததும் வில்லை வார்த்த தட்டு சடாரென்று கீழே போயிற்று.

டாக்டர் தட்டுகளை மாற்றிவைத்துப் பார்த்தார். அப்போதும் அதுவே கீழே போயிற்று.

நான் வெள்ளைக் காகிதத்தில் இரண்டையும் உரசிக் காட்டினேன். ஒன்று கோடு போட்டது, மற்றது போடவில்லை. பிறகு அம்மா ஆளுக்கு ஒரு வெள்ளைத் துணி கொடுத்து, அண்டாக்களை நீங்களே துடைத்துப் பாருங்கள் என்றாள். கமிட்டிப் பெரியவர் ஒருவர், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, அண்டாவுக்குள் கையை விட்டுத் துடைத்தார். அவர் விரல்நுனி கறுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மீரான் சாயபு முன்னே வந்து, பூசியது தாம்தான் என்றும், தெரியாமல் பூசியதாகவும், இந்த அம்மாள் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்றும் சொன்னார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டாக்டர் எழுந்து நேராகப் பிள்ளைகள் படுத்திருந்த அறைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். ஒவ்வொரு பிள்ளையின் உதட்டையும் கீழே இழுத்து ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேருமிடத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு மெல்லிய கோடு. ஒருத்தி இரண்டு பேருக்கு மட்டுமல்ல. நோவு கண்ட எல்லாருக்கும் இருந்தது.

"நான் அன்றைக்கே வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். தவறு என்னுடையது" என்றார். எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதற்காக அவரை நான் இன்றுவரை மதிக்கிறேன்.

பிறகு அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். நீங்கள் எந்தப் பாத்திரத்தில் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் உதட்டை இழுக்கச் சொன்னார்.

அங்கேயும் அந்தக் கோடு இருந்தது. பிள்ளைகளுக்கு இருந்ததைவிடத் தடிப்பாக.

மாதக்கணக்காக அவளுக்கு வயிற்றில் நோவு இருந்திருக்கிறது. முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எழுபது பேருக்கு மூன்று வேளை ஆக்கிப் போட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். 

"சொன்னா, நோவுக்காரி கையால சோறு ஆக்கக்கூடாதும்பாவ. நான் அடுப்பங்கரையை விட்டுட்டா, எந்தப் பாத்திரத்துல என்ன இருக்குன்னு யாரு பாக்க?"

மிஸ்ஸியம்மாள் அவள் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் தலைகுனிந்து நின்றார்கள். எனக்கு அந்த நேரத்தில் அழுகையும் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பெருமையும் வந்தது. இவள் என் தாய் என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அத்தனை பேருக்கும் அது ஏற்கெனவே தெரியும்.

பிறகு

ஐந்து அண்டாக்களையும் மீரான் சாயபு மணல் போட்டுச் சுரண்டி, பழைய பூச்சு துளி இல்லாமல் எடுத்தார். நல்ல ஈயம் கிடைக்கும்வரை குழம்பும் ரசமும் மண்சட்டியில். பிள்ளைகளுக்குப் பேதி உப்பும் பாலும் கொடுத்தார் டாக்டர். மெல்ல மெல்லத் தேறினார்கள். அம்மா தேற அதிக நாளாயிற்று.

சாயபுவின் தொழில் போய்விடவில்லை. உண்மையைச் சொன்ன ஆள் என்று, வண்ணார்பேட்டையிலிருந்தெல்லாம் தேடி வந்து பாத்திரம் கொடுத்தார்கள். மேலப்பாளையத்து ஈயக்காரர்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர் அந்த டவுன் வியாபாரியின் கடைக்குப் போனார். கடை முழுக்க ஆட்கள் நிற்கும்போது அவன் வில்லைகளைக் கேட்டு வாங்கி, வாசலிலேயே உருக்கி, மணலில் கம்பியாக வார்த்து, ஒவ்வொன்றாக வளைத்தார்கள். ஒன்றும் சத்தம் கொடுக்கவில்லை, கீரைத்தண்டுபோல் வளைந்தன. அதற்குப்பிறகு அந்தக் கடையில் ஈயம் வாங்க ஆள் போகவில்லை.

போன பிள்ளைகளைத் திரும்ப அழைக்க மிஸ்ஸியம்மாள் கடிதம் எழுதினார். கடிதம் போதாது என்று அம்மா சொல்லிவிட்டாள். உடம்பு பாதி தேறினதும், என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அம்பாசமுத்திரத்தில் தங்கத்தின் அப்பா நெல் களத்தில் நின்றார். அம்மா அவர் முன்னால் தன் உதட்டை இழுத்து ஈறைக் காட்டி, உங்கள் பிள்ளைக்கு வந்த நோவுதான் எனக்கும் வந்தது, காரணத்தைக் கண்டுபிடித்தாயிற்று, இனிமேல் வராது என்றாள்.  அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, பெட்டியை எடுத்து வரச் சொன்னார்.

பதினோரு பேரில் ஒன்பது பேர் திரும்பினார்கள். இரண்டு பேருக்கு அதற்குள் தாலி ஏறிவிட்டது. அந்த இரண்டு பேரின் பெயரும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆறாம் வகுப்பு

அந்த வருஷம் பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆறாம் வகுப்புக்கு உலோகங்கள் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. மிஸ்ஸியம்மாளிடம் போய், வெள்ளீயத்தைப் பற்றி மட்டும் என் அம்மா பாடம் எடுக்கட்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நானே அதைச் சொல்லலாம் என்றிருந்தேன் என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. வந்தபோது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலை. கையில் கரி அடுப்பு. கரும்பலகைக்கு முன்னால் நிற்க மாட்டேனென்று ஓரமாகவே நின்றாள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆரம்பத்தில் குரலே வரவில்லை. அடுப்பு பற்றியதும் வந்துவிட்டது. ஈயத்தை உருக்கிக் காட்டினாள். ஆறவைத்து, நகத்தால் கீறச் சொன்னாள். நாற்பது பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக வந்து, கம்பியைக் காதில் வைத்து வளைத்துக் கேட்டார்கள். புளிக் கரைசலில் போட்டுவைத்த துண்டு வெள்ளையாகவே இருப்பதை எடுத்துக் காட்டினாள். ஒரு வார்த்தைகூடப் புத்தக வார்த்தை இல்லை. அந்த வகுப்பில் அன்று ஒரு பிள்ளைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

முடியும் நேரத்தில் தங்கம் எழுந்து நின்றாள்.

"டீச்சர், இவ்வளவு மெத்துனு இருக்கே, இதை வச்சுக் கெட்டியா ஒண்ணும் செய்ய முடியாதா?"

அம்மா உடனே திரும்பி என்னைப் பார்த்தாள், என்னைத்தான் கேட்கிறாள் என்று. நான் வாயைத் திறக்கவில்லை.

"உங்களைத்தான் கேக்குதேன், டீச்சர்" என்றாள் தங்கம்.

 அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு ஓரத்தைவிட்டு நகர்ந்து, கரும்பலகைக்கு நேராக வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உக்காரு, சொல்லுதேன். செம்பை உருக்கி, அதுல இதைக் கொஞ்சம் போட்டா வெங்கலம்..."